மிலானிலிருந்து பியெல்லா: அம்மாவோடு போகலாமா?

திருப்பூர்க்காரன்: வணக்கமுங்க. மெஷின் பார்க்க மிலான் போகிறேன், அம்மாவும் வருகிறார். ரோம், வெனிஸ் கூட்டம் வேண்டாம். கம்பளித் துணிக்குப் பேர்போன பியெல்லா தோதுப்படுமா? அம்மா சைவம்.

பெருந்துறை அக்கா: தாராளமாகப் போங்க தம்பி. அங்கே மில்லில் வேலை பார்த்தவள் நான். சாந்தியாவிலோ நொவாராவிலோ ரயில் மாறணும். செர்வோ ஆற்றுத் தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு. கம்பளி அலச அதுதான் வேணும், தொழிலே அதனால்தான் அங்கே வளர்ந்தது. நொய்யலோரம் வளர்ந்த எனக்கு அந்தத் தெளிந்த ஆற்றைப் பார்த்தால் மனசு தாங்காது.

மேட்டிலுள்ள பியாட்சோதான் பியெல்லாவின் பழைய ஊர். 1885 முதல் அந்த மேட்டுக்கு இழுவை ரயில் உண்டு, அம்மா ஏற வேண்டியதில்லை.

பக்கத்து ஊரான கந்தேலோவை மட்டும் விட்டுடாதீங்க. அங்கே ஊரார் கட்டிய இடைக்காலக் கோட்டை இருக்கு. குடியிருக்க இல்லை, விளைச்சலைக் காக்க! சுமார் 200 அறைகள். கீழே மதுப்பீப்பாய், மேலே தானியம். சுவரில் ஆற்றுக் கூழாங்கற்களை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். தெருவும் கூழாங்கல்தான், நல்ல ஷூ வாங்கிக் கொடுங்க.

கோபி மாப்பிள்ளை: சாப்பாட்டுக்குப் பொலெந்தா கொஞ்சா கேளுங்கண்ணா. மக்காச்சோளக் களியில் வெண்ணெயும் சீஸும் உருக்கிக் கிளறுவது. சில சீஸைக் கன்றின் இரைப்பைச் சாறு விட்டு உறைய வைப்பார்கள். அம்மா கண்டிப்பான சைவம் என்றால் விசாரிச்சுக்கோங்க.

திருப்பூர்க்காரன்: ரொம்ப நன்றிங்க அக்கா, மாப்பிள்ளை. பியெல்லா பக்கத்து மலையிலுள்ள ஓரோப்பா மாதா கோயிலில் தங்கலாமா?

பெருந்துறை அக்கா: தங்கலாம். யாத்திரிகர்களுக்கு அறைகள் உண்டு, முன்கூட்டியே பதிவு பண்ணுங்க. 1,100 மீட்டருக்கு மேலே இருக்கு, ஸ்வெட்டர் அவசியம்.