கையிலேயே உதிர்ந்த டிங்கி: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

பழைய சக்கரம்:
இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி, அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மை வண்டி. பெயின்ட் அவ்வளவு நன்றாக இருந்தது. வைத்திருந்த பெரியவர் தானே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்ததும் முன் மட்கார்டு தனியாகக் கழன்றுவிட்டது. உடைந்த இடத்தில் உலோகம் சாம்பல் பூத்து, வறண்ட ஏரித் தரை மாதிரி பொடிப்பொடியாக வெடித்திருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலப்பா, அது எப்பவோ போயிடுச்சு" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். ஜிங்க் பெஸ்ட் (வார்த்த துத்தநாகம் உள்ளிருந்தே வெடித்து உதிர்வது) பற்றி நமக்கெல்லாம் தெரியும், இருந்தாலும் மனசு ஆறவில்லை. ஈரமான அலமாரிதான் அதைக் கொன்றிருக்கிறது.

ரிவெட்:
ஈரத்தின் மேல் மட்டும் பழி போடாதீங்க. வார்க்கும்போதே துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டதுதான் மூல காரணம். ஈரமும் சூடும் வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். சுத்தமான கலவையில் வார்த்த வண்டி அதே அலமாரியில் அப்படியே இருக்கும். எண்ணெய் பூசினாலும் உள்ளே நடப்பது நிற்காது. பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்பதும் கட்டுக்கதை.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒருவர் "அப்படியே ஒரிஜினல்" என்று ஒரு மேட்ச்பாக்ஸை (லெஸ்னி நிறுவனத்தின் குட்டிப் பொம்மை வண்டி) நீட்டினார். திருப்பினால் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை இரண்டும் துளைத்துப் பசையால் ஒட்டியிருந்தது, யாரோ கழற்றி மாட்டிய வண்டி. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் அடித்தட்டைப் பாருங்க, பிறகுதான் பெயின்ட். அடுத்து சக்கரம்: 1969-ல் மேட்ச்பாக்ஸில் சூப்பர்ஃபாஸ்ட் என்ற மெல்லிய அச்சுச் சக்கரம் வந்தது, அதற்கு முந்தைய லெஸ்னி வண்டியில் அது இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கதவு இடுக்கிலும் ஜன்னல் ஓரத்திலும் பெயின்ட் தடித்திருந்தால் மறுபூச்சு. போருக்கு முந்தைய பெட்டி என்று சொன்னால் புற ஊதா விளக்கில் காட்டுங்க, பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் தாள் பிற்காலத்தது. டயரை வெறும் பிளாஸ்டிக் மேல் அழுத்தி வைக்காதீங்க, வருடக்கணக்கில் இருந்தால் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

தங்க நிறம்:
நான் கதை மட்டும் சொல்றேன். கோர்கி நிறுவனத்தின் 261-ம் எண் பொம்மை, 1965-ல் வந்த ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் கார். படத்தில் வெள்ளி நிறம், பொம்மையில் தங்க நிறம். எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் தன் அண்ணனுடையதைக் கொண்டு வந்தார். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். கூரை திறந்தது, இருக்கை துள்ளியது, அதிலிருந்து பறக்க வேண்டிய குட்டி ஆள் பொம்மை இல்லை. "வாங்கின அன்னிக்கே தொலைச்சுட்டான்" என்றார். பெட்டிக்குள் ரகசியக் குறிப்பு உறை இருந்தது. பிரித்தால், கூடவே கொடுத்த உபரி ஆள் உள்ளேயே இருந்தான்! அண்ணன் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. உட்கார வைத்து மறுபடி அழுத்தினார். மேசைக்கு அப்பால் போய் விழுந்தான். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு.

சாம்பல் டயர்:
ரிவெட் சார், மறுபூச்சு என்றாலே ஏமாற்று என்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. என்னிடம் வந்த லெஸ்னி பஸ் ஒன்றின் அடியில், சின்னப் பிள்ளை கையெழுத்தில் ஆணியால் கீறிய பெயர். மேலே வீட்டுப் பெயின்ட், தூரிகைக் கோடு தெரிகிற பச்சை. விற்றவர், "கரைப்பான் போட்டா அசல் சிவப்பு வந்துரும்" என்றார். வேண்டாம் என்று பச்சையோடுதான் வாங்கினேன்.