7 வாரக் குழந்தை, காய்ச்சலே இல்லாத இருமல்: கிளமிடியா நிமோனியாவா?

பெரம்பூர்_ஜிபி:
7 வாரப் பெண் குழந்தை, 4 கிலோ, சுகப்பிரசவம். பத்து நாளாக இருமல், காய்ச்சல் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 64, ஆக்சிஜன் 95%. பாலை விட்டு விட்டுத்தான் குடிக்கிறது. நெஞ்சில் இரண்டு பக்கமும் கிரெப்ஸ் (நுரையீரலில் கேட்கும் பொரபொரப்புச் சத்தம்), வீசிங் (விசில் சத்தம்) இல்லை. வேறொரு இடத்தில் செஃபிக்ஸிம் ஆன்டிபயாடிக்கும் சால்பியூட்டமால் நெபுலைசேஷனும் கொடுத்துப் பலனில்லை. பிறந்து எட்டாம் நாள் வாக்கில் கண்ணில் பூளை தள்ளியிருக்கிறது. சொட்டு மருந்து மட்டும் போட்டிருக்கிறார்கள். அசித்ரோமைசின் இங்கேயே ஆரம்பிக்கலாமா, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பலாமா?

குழந்தைநலம்_எழும்பூர்:
அனுப்பிவிடுங்கள் டாக்டர். இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு மூச்சு 60-ஐத் தாண்டி, பால் குடிப்பதும் குறைந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அனுப்புமுன் குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் இந்த வயதில் தப்பாகிவிடும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. கிளமிடியா டிராக்கோமாடிஸ் (உடலுறவால் பரவும் பாக்டீரியா, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும்) நிமோனியா பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்துக்குள் வரும், காய்ச்சல் இருக்காது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு முன்னமே கண் நோய் வந்திருக்கும். கண் சொட்டு மருந்து மூக்கு, தொண்டையில் இருக்கும் கிருமியைத் தொடாது, அதனால்தான் அது பிறகு நெஞ்சுக்கு இறங்குகிறது. செஃபிக்ஸிம் கேட்காததிலும் ஆச்சரியமில்லை. செல்லுக்குள் வாழும் இந்தக் கிருமிக்கு மேக்ரோலைடுதான் (அசித்ரோமைசின், எரித்ரோமைசின் வகை) வேண்டும்.

இருமலைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கிளமிடியாவானால் 'கக்... கக்... கக்' என்று தனித்தனியாக விழும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குட்டி மூச்சு. கக்குவானில் மூச்சே எடுக்காமல் அடுக்கடுக்காக இருமி முகம் நீலம் பாயும், சில குழந்தைகளுக்கு மூச்சு நின்றே போகும், ரத்தத்தில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளையணு) ஏறியிருக்கும். இரண்டுக்கும் அசித்ரோமைசின்தான், ஆனால் கக்குவானுக்கு 10 மி.கி./கிலோ 5 நாள். அளவைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் அதிகம் விரிந்து, இரண்டு பக்கமும் பரவலாகத் திட்டுகள் தெரியும். படத்தைப் பார்த்துப் பயந்து குழந்தையைப் பார்த்தால், அது அவ்வளவு மோசமாக இருக்காது. இந்த முரண்பாடே ஒரு துப்பு.

இன்னும் இரண்டு விஷயம். கல்லீரல் பெரிதாகி, பால் குடிக்கும்போது வேர்த்தால் இதயத்தில் ஓட்டையா என்று பாருங்கள். அது வெளியே தெரிய ஆரம்பிப்பதும் இதே வயதில்தான். எண்ணெய்க் குளியலின்போது பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டாரா, வாயால் ஊதினாரா என்றும் கேளுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனாலும் காய்ச்சல் இல்லாமல் இப்படி இருமலாம். நம் ஊரில் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

நுண்ணுயிர்_லேப்:
பரிசோதனையில் வழக்கமாகச் சறுக்கும் இடம்: சுவாசக் கிருமிகளுக்கான பிசிஆர் பேனலில் (பல கிருமிகளின் மரபணுவை ஒன்றாகத் தேடும் பரிசோதனை) 'கிளமிடியா நெகட்டிவ்' என்று வந்தால் அது பெரும்பாலும் கிளமிடியா நிமோனியே என்ற வேறு இனம். டிராக்கோமாடிஸ் தனியாகக் கேட்க வேண்டும். மூக்கின் பின்பகுதி ஸ்வாப்பை ஏற்பார்களா என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் சிறுநீரும் பிறப்புறுப்பு ஸ்வாபும் மட்டும்தான். கண்ணிலிருந்து எடுப்பதானால் பூளையைத் துடைத்துவிட்டு, கீழிமையின் உள்பக்கம் தேய்த்து எடுங்கள். கிருமி சீழில் இல்லை, செல்லில் இருக்கிறது. ரத்தத்தில் ஐஜிஜி (எதிர்ப்புப் புரதம்) பார்ப்பது பயன்படாது, அம்மாவிடமிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

இயோசினோபிலைச் (ஒரு வகை வெள்ளையணு) சதவீதமாகப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையாகப் பாருங்கள். மொத்த வெள்ளையணு 14,000-இல் 3% என்றால் 420. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருக்கும், ஆனால் 300-க்கு மேல் இருப்பது இந்த நோய்க்குச் சாதகம். அதுவே உறுதியாக்கிவிடாது, இல்லையென்றாலும் நோயை விலக்க முடியாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

மருந்தியல்_கீழ்ப்பாக்கம்:
எரித்ரோமைசின் 50 மி.கி./கிலோ/நாள், நாலாகப் பிரித்து 14 நாள். மாற்றாக அசித்ரோமைசின் 20 மி.கி./கிலோ, தினம் ஒரு வேளை, 3 நாள். 4 கிலோவுக்கு 80 மி.கி.: 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள பாட்டிலானால் 4 மி.லி., 200 மி.கி. பாட்டிலானால் 2 மி.லி. கடையில் இரண்டும் மாறிப்போகும், சீட்டில் மி.கி.யும் எழுதுங்கள். பொடியில் ஆறிய கொதித்த நீரைக் கோடு வரை விட்டுக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கச் சொல்லுங்கள். எரித்ரோமைசின் ஏறத்தாழ 80% பேருக்குத்தான் பலிக்கும். இரண்டாவது சுற்று தேவைப்படலாம்.

6 வாரத்துக்குள் இரண்டு மருந்துமே பைலோரிக் ஸ்டெனோசிஸ் (இரைப்பையின் வெளிவாசல் தடித்து அடைபடுவது) அபாயத்தைக் கூட்டும். உங்கள் குழந்தை அதைத் தாண்டிவிட்டாலும், பால் பீய்ச்சியடிப்பதுபோல வாந்தி வந்தால் உடனே காட்டச் சொல்லுங்கள். வாந்திக்கு டோம்பெரிடோன் எழுதிவிடாதீர்கள். எரித்ரோமைசினுடன் சேர்ந்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

பெரம்பூர்_ஜிபி:
நன்றி, இன்றே அனுப்புகிறேன். அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவருக்கும் கொடுக்க வேண்டுமா?

குழந்தைநலம்_எழும்பூர்:
கட்டாயம். அறிகுறியே இல்லாத பெண்கள்தான் அதிகம், நம் கர்ப்ப காலப் பரிசோதனையிலும் இது வழக்கமாகப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கணவருக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை 7 நாள். அந்த ஒரு வாரம் உறவு கூடாது. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தொற்று மாதக் கணக்கில், சமயத்தில் அதற்கும் மேல், தெரியாமல் இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு மூச்சு வேகமும் பால் குடிப்பதும் முதலில் சரியாகும், இருமல் சில வாரம் இழுக்கும். இருமல் மட்டும் மிச்சமிருப்பதை மருந்து தோற்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.