ஒரே பொருள், பல கண்கள்: படம் ஏதாவது சொல்லுங்களேன்

நண்பர்களே, பழைய நாவல்களிலும் படங்களிலும் ஒரு பொருள் எப்படிப் பாத்திரத்தின் மனதைக் காட்டிக்கொடுக்கிறது என்று கட்டுரை எழுதுகிறேன். கொஞ்சம் உதவி வேண்டும்.

1851இல் வந்த 'மோபி டிக்' நாவலில் கப்பல் தலைவன் ஆகாப் பாய்மரத்தில் ஒரு தங்கக் காசை அறைந்து வைக்கிறான். அப்புறம் ஓர் அத்தியாயத்தில் கப்பலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைப் பார்க்கிறார்கள். ஆகாபுக்கு அதில் தெரிவதெல்லாம் ஆகாப்தான். ஸ்டார்பக் கடவுளைத் தேடுகிறான். ஃபிளாஸ்க்கோ இதை வைத்து எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான்! காசு மாறவில்லை, ஆட்கள்தான் வெளியே வருகிறார்கள்.

'சிட்டிசன் கேன்' (1941) படம் வேறு ரகம். கேன் கடைசியாகச் சொன்ன சொல்லின் பொருள் நிருபருக்குத் தெரியவே வராது. அந்தச் சொல் எழுதியிருக்கும், எரியும் பனிச்சறுக்கு வண்டியை நமக்கு மட்டும் காட்டுகிறார்கள். எனக்கு அது சற்று மலிவான விடையாகத்தான் படுகிறது (அடிக்க வராதீர்கள்).

அந்தக் காசு அத்தியாயம் மாதிரி, ஒரே பொருளைப் பலரும் பலவிதமாகப் பார்க்கும் திரைப்படம் ஏதாவது உண்டா? வசனத்தில் விளக்காமல் கேமராவே சொன்னால் இன்னும் நல்லது. மௌனப்படம் என்றாலும் சரி. எந்தக் காட்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.