ஜின் அழுதா அது பேய்க்கதை இல்லையா?

சாட்ஸ்வர்த்காரன்: நேத்து ஒருத்தர் நல்ல திகில் நாவல் சொல்லுங்கன்னு கேட்டார், நான் ஷுப்னம் கானோட 'தி ஜின் வெயிட்ஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ்' சொன்னேன். 2024ல வந்தது, நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் கடலோரத்து பங்களாவுல ஒரு ஜின், அதாவது முஸ்லிம் கதைகள்ல வர்ற ஆவி, இருக்குற கதை. உடனே கடல்காக்கை வந்து "அது பேய்க்கதையே இல்ல, ஜின் அழுதுகிட்டே இருக்கு, காசு தண்டம்"னு எழுதிட்டுப் போயிட்டார். அழுதா பேய் இல்லையா? யார் சொன்னா?

கடல்காக்கை: நான்தான் சொன்னேன். பேய்னா பயமுறுத்தணும். இது அழுவுது.

சாட்ஸ்வர்த்காரன்: பங்களாவோட கிழக்குப் பக்கத்துக்கு யாருமே போறதில்ல, ஒடஞ்ச சாமானா குவிஞ்சு கெடக்கு, அதத் தாண்டிப் போனா கடைசியில பல வருஷமா பூட்டுன கதவு, அத அந்தச் சின்னப் பொண்ணு சனா தொறக்குறா, உள்ள செத்துப்போன மீனா பேகத்தோட ரூம் அப்படியே இருக்கு, டைரி இருக்கு, இருட்டுல ஒண்ணு நின்னு அவளையே பாக்குது. இதுக்குப் பயம் வரலன்னா கோளாறு புஸ்தகத்துல இல்ல சார்.

கடல்காக்கை: பாக்குது, சரி. அப்புறம்? அழுவுது.

மெரிபேங்க் அக்கா: தம்பிங்களா, சனாவோட செத்துப்போன இரட்டைப் பொறப்பு அவள விடாம தொரத்துதே, அத ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்குறீங்க. எனக்கு அங்கதான் குலை நடுங்குச்சு.

சாட்ஸ்வர்த்காரன்: அதுக்கு வரேன்க்கா, மொதல்ல ஜின் விஷயம் முடியட்டும்.

உம்கேனி ரோடு: ஃபேன்டஸி வேணும்னா லாரன் ப்யூக்ஸோட 'ஜூ சிட்டி' படிங்க. ஜொகனஸ்பர்க்ல பெரிய குத்தம் பண்ணவங்கள ஆளுக்கொரு மிருகம் வந்து ஒட்டிக்கும், ஜின்ஸிங்கிற பொண்ணு முதுகுல ஒரு ஸ்லாத்தோடவே, அதான் மரத்துல தொங்குற அந்த மந்தமான மிருகம், திரியுவா. 2011ல ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்குன புஸ்தகம்.

கடல்காக்கை: அது அறிவியல் புனைகதைக்குக் குடுக்குற விருது, ஃபேன்டஸிக்கு இல்ல.

உம்கேனி ரோடு: குடுத்தவங்களுக்கே இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?

கடல்காக்கை: ஃபேன்டஸின்னா ஜெயமோகனோட 'விஷ்ணுபுரம்'. மொதல்ல தமிழ்ல படிங்கப்பா.

சாட்ஸ்வர்த்காரன்: 1997ல வந்த நாவல் உங்களுக்குப் புதுசா? வேலைக்குன்னு சென்னையில இருந்து இப்பத்தான் வந்து எறங்கிட்டு எங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்க வேணாம் சார். 1860லயே மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் ஏறி வந்து கரும்பு வெட்டுனவங்க வம்சம் நாங்க, பள்ளிக்கூடத்துல தமிழ் இல்லாத காலத்துலயும் கோயில் பக்கம் ஒக்காந்து அத விடாம வெச்சிருந்தோம்.

கடல்காக்கை: கப்பல் எதுக்கு இப்ப? ஜின் அழுதுச்சா இல்லையா?

சாட்ஸ்வர்த்காரன்: அழுதுச்சு! அது ஆசப்பட்ட மீனா பேகம் செத்துட்டா, அழாம? செட்டியப் பழிவாங்க வந்த பேய் பழையனூர் நீலி என்ன பண்ணா? அவன் பொண்டாட்டி மாதிரி வேஷம் போட்டு, கள்ளிக் கொம்ப கொழந்தையாக்கி இடுப்புல வெச்சுகிட்டு ஊர்ச் சபையில நின்னு அழுதாளே, அந்த அழுகைய நம்பித்தான வேளாளருங்க செட்டிய அவகூட அனுப்புனாங்க? அது பேய்க்கதை இல்லையா?

கடல்காக்கை: நீலி அழுதது நடிப்பு. அழுது முடிச்சு ஆளக் கொன்னா. உங்க ஜின் நெசமாவே அழுவுது, அதத்தான் நானும் சொல்றேன்.

சாட்ஸ்வர்த்காரன்: நெசமா அழுவுற பேய்தான் எனக்கு ரொம்பப் பயம். ஏமாத்துற பேய்கிட்ட இருந்து தப்பிக்கலாம், துக்கத்துல கெடக்குறது எப்ப என்ன பண்ணும்னு அதுக்கே தெரியாது.

மெரிபேங்க் அக்கா: எங்க பக்கத்து வீட்டு ஜூலு பாட்டி டோக்கொலோஷேங்கிற குட்டிப் பிசாசுக்குப் பயந்து கட்டில் கால் நாலுக்கும் கீழ செங்கல் வெச்சிருந்துச்சு. அது குள்ளமாம், ஏற முடியாதாம். அதுவும் பேய்தான?

கடல்காக்கை: அது அழுவாதுல்லக்கா.

உம்கேனி ரோடு: கடல்காக்கை, தைப்பூசக் காவடி அன்னைக்குக் கோயில்ல வெச்சு என்கிட்ட வாங்குன 'ஜூ சிட்டி'ய எப்ப தரப்போறீங்க? படிக்காமலேயே விருதப் பத்திப் பேசுறீங்களோன்னு சந்தேகமா இருக்கு.

கடல்காக்கை: பாதி படிச்சாச்சு. தரமாட்டேன்னு சொன்னேனா?

டர்பன் மாணவன்: அண்ணே, திகில் நாவல் கேட்டது நான்தான். ஜின் கதையே வாங்கவா?

சாட்ஸ்வர்த்காரன்: வாங்கு தம்பி, யோசிக்காத. கடல்காக்கை, நீங்க அந்தப் பூட்டுன ரூம் வர்ற எடத்த லைட்ட அணைச்சுட்டு மறுபடி ஒரு தடவ படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

கடல்காக்கை: லைட்ட அணைச்சா எப்படிப் படிக்கிறது?