மெக்ஸ்=30 எண்டால் முப்பது நாளோ?

கொட்டாஞ்சேனை_13:
ஜாவா புரோகிராமுக்கு லொக் எழுதுற லொக்4ஜே 2 பற்றி இங்க ஒருத்தர் எழுதி வச்சிருக்கிறார்: "லொக்4ஜே 2 இல ரோல்ஓவர் ஸ்ட்ரட்டஜிக்கு மெக்ஸ்=30 குடுங்கோ, 30 நாளுக்குப் பழைய லொக் தானா அழியும்." ஆர் சொல்லித் தந்தது? ரோல்ஓவர் எண்டால் பழைய ஃபைலை மூடிப் புதுசு தொடங்கிறது. மெக்ஸ் எண்ணுறது %ஐ ஐ, அதாவது ஃபைல் பேரில வாற எண்ணை, நாளை இல்லை. ஃபைல்பெட்டனில, அதாவது ஃபைல் பேரின்ர அமைப்பில, தேதியும் இருந்தால் ஒவ்வொரு நாளும் எண் திரும்ப 1 இல தொடங்கும். நேற்றைய ஃபைலை அது தொடவே தொடாது.

வெள்ளவத்தை_வாசி:
நான்தான் எழுதினது. நாளுக்கு ஒரு ஃபைல், 30 ஃபைல், 30 நாள். ஸ்கொலஷிப் எழுதுற பிள்ளைக்கும் விளங்கும்.

கொட்டாஞ்சேனை_13:
அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, அதோட கதைக்கிறன். பெட்டனில %ஐ இல்லாட்டி மெக்ஸுக்கு வேலையே இல்லை. இருந்தால், ஒரு ஃபைலுக்கு சைஸ் 100 எம்பி எண்டு வையுங்கோ: லொக் கூடின நாளில 31ஆவது ஃபைல் வரேக்க அண்டைக்குக் காலமை எழுதின 1ஆவது போயிடும், மிச்சமெல்லாம் ஒரு எண் இறங்கும். போன வருசத்து ஃபைல் அசையாமல் டிஸ்க்கில குந்தியிருக்கும். நாள் கணக்கு வேணுமெண்டால் ஸ்ட்ரட்டஜிக்குள்ள டிலீட் போடுங்கோ: பேஸ்பாத் (எந்த ஃபோல்டர்), இஃப்ஃபைல்நேம் (எந்தப் பேர்), பிறகு இஃப்லாஸ்ட்மொடிஃபைட் ஏஜ்=30டி (கடைசியா மாத்தி 30 நாள்). முதல்ல டெஸ்ட்மோட்=ட்ரூ. எதை அழிக்கும் எண்டு காட்டும், அழிக்காது.

தெஹிவளை_பையன்:
மெக்ஸ்டெப்த், அதாவது எத்தினை அடுக்கு ஃபோல்டர் உள்ளுக்குப் பாக்கிறது எண்டதை, சொல்லாமல் விட்டுட்டீங்கள் அண்ணை. சும்மா விட்டால் அது 1. மாதத்துக்கொரு ஃபோல்டர் எண்டால் 2 குடுக்காட்டி உங்கட டிலீட் ஒண்டையும் காணாது. வாசி அண்ணை இதை வேற லைப்ரரியான லாக்பேக்கின்ர மெக்ஸ்ஹிஸ்டரியோட குழப்பிட்டார் போல. அங்க தேதிப் பெட்டனுக்கு 30 எண்டால் 30 நாள்தான்.

வெள்ளவத்தை_வாசி:
பாத்தீங்களோ? 30 நாள்தான்!

கொட்டாஞ்சேனை_13:
அது லொக்பேக்! இங்க மெக்ஸ் எண்ணுறது %ஐ ஐ, எத்தினை தரம் சொல்ல? தம்பி, நீரும் "லாக்" எண்டு எழுதாதையும். கொழும்பில அது லொக்.

தெஹிவளை_பையன்:
மெக்ஸ்டெப்த்துக்குப் பதில் இல்லை, எழுத்துப்பிழைக்கு மட்டும் வாறீங்கள்.

வெள்ளவத்தை_வாசி:
போன மாசம் "சரியா நடுச்சாமத்தில ரோல் ஆகும்" எண்டு அடிச்சுச் சொன்னதும் இவர்தான். அந்த செட்டிங் விடிய 5.30க்குத்தான் ரோல் ஆகுது!

கொட்டாஞ்சேனை_13:
ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டுறது) யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்தில, ஓடினால் அதின்ர நடுச்சாமம் எங்களுக்கு 5.30தான். யூசர்.டைம்ஸோன்=ஏசியா/கொழும்பு குடுங்கோ. அப்பவும் டைம்பேஸ்ட் பொலிசி லொக் வரி ஒண்டு வந்தால்தான் முழிக்கும். குறிச்ச நேரத்துக்கு க்ரோன் பொலிசி.

வெள்ளவத்தை_வாசி:
பழைய ஜாவா எண்டால் கொழும்பை +6 எண்டுதான் காட்டும். 2006 ஏப்ரலிலதானே 5.30க்கு மாத்தினது.

கொட்டாஞ்சேனை_13:
லொக்4ஜே 2 இன்ர முதல் பதிப்புகளுக்கே ஆகக் குறைஞ்சது ஜாவா 6 வேணுமாயிருந்தது. அது வந்ததே 2006 டிசம்பர்.

வெள்ளவத்தை_வாசி:
நேரத்தை விடுங்கோ. 30 குடுத்தால் 30தான் மிஞ்சும்.

கொட்டாஞ்சேனை_13:
ஒரு நாளைக்கு! ஒரு நாளைக்கு 30!

தெஹிவளை_பையன்:
ஃபைல்இண்டெக்ஸ்=நோமெக்ஸ் போடுங்கோ, மெக்ஸையே பாக்காது. ரெண்டு பேரும் போய்ப் படுக்கலாம்.

கொட்டாஞ்சேனை_13:
அதுக்கும் டிலீட் வேணும் தம்பி.

தெஹிவளை_பையன்:
மெக்ஸ்டெப்த்தோட.