கோடை இசை முகாமில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

வீணை மதுரை

கொடைக்கானல், 2009 மே. எனக்குப் பதினாலு வயது. முகாமின் ஒழுங்கெல்லாம் உங்களுக்கே தெரியும். விடியற்காலை 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம், போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டித் தாளம், சுக்குக்காப்பி, அப்புறம் வரிசைகள். நாட்டக்குறிஞ்சி வர்ணம் முடித்துவிட்டுப் போனவளை மறுபடி ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை சரளி வரிசைக்கு உட்கார வைத்ததில் எனக்கு ஏகக் கோபம்.

வத்தலக்குண்டு வரை வெயில் கொளுத்தியது. வீணை வேனின் பின்பக்கம், கண்ணாடியை ஒட்டிக் கிடந்தது. தந்தியை அழுத்திச் சுரம் எழுப்பும் 24 உலோகக் கட்டைகளான மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த பூச்சின் மேல்தானே நிற்கின்றன. வழியில் மெழுகு இளகியிருக்கிறது. மேலே போய்க் குளிரில் இறுகியபோது, முதல் தந்தியான சாரணியில் அந்தர காந்தாரம் என்ற 'க' சுரத்துக்கு உரிய மெட்டு தலைப்பக்கம் ஒரு நூல் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

முதல் தடவை மீட்டியபோதே தெரிந்துவிட்டது, காந்தாரம் இறங்கி ஒலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அது வரும்போதெல்லாம் தந்தியைக் கொஞ்சம் இழுத்து ஏற்றிக்கொண்டேன். வேகமான மூன்றாம் காலத்தில் சில சமயம் நழுவும். இத்தனை வீணைகள் சேர்ந்து ஒலிக்கையில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் டீச்சர் கூடத்தின் கடைசியிலிருந்து நடந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். வீணையை வாங்கவில்லை. தன் ஆள்காட்டி விரலை அந்த மெட்டின் மேல் வைத்து, "மீட்டு" என்றார். இழுக்காத காந்தாரம் கூடம் முழுக்கக் கேட்டது. "எத்தனை நாளா இழுத்துச் சமாளிக்கிற?" மெதுவாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கோத்தகிரி வில்

அக்கா, இதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது? முதல் நாளே ஒவ்வொரு வாத்தியத்தையும் எடுத்துப் பார்ப்பது சொல்லிக்கொடுப்பவர் வேலை. பதினாலு வயதுப் பிள்ளையை எல்லார் முன்னாலும் அப்படி மீட்டச் சொல்லியிருக்கக் கூடாது.

தப்பு என்றால் நாங்கள் செய்தது. கோத்தகிரி முகாமில் ஒரு சாயங்காலம் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர் கலைஞர்களை அழைத்திருந்தார்கள். கொள் என்ற ஊதுவாத்தியம் வாசித்த பெரியவர் கன்னம் உப்ப, மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் ஒருவன் போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து நீட்டினான். முள் எங்கேயும் நிற்கவில்லை. சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர்கள் சுரங்கள் நம் தம்புராவுக்குக் கட்டுப்பட்டவை இல்லை என்பதுகூட அன்று எங்களுக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் அவர் நேராக எங்களிடம் வந்தார். போனைக் காட்டி, "அதுல என்ன பாட்டு தம்பி, எனக்கும் வையி" என்றார். உண்மையாகவே கேட்டார். எங்கள் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

மிருதங்கம் அம்மா

ஊட்டி. மே மாத மழை. என் மகனுக்கு மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது மிருதங்கம் தொய்ந்துவிட்டது. வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

இப்போது பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். தோல் ஈரத்தை இழுக்கும், சுருதி இறங்கும். தரையில் வைக்காதீர்கள், மரப்பலகை மேல் வையுங்கள். உறைக்குள் ஒரு கம்பளித்துணி சுற்றுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோய்க் காய்ச்சவே காய்ச்சாதீர்கள், ஒரே சூட்டில் தோல் வெடித்துவிடும். சுருதி சேர்க்கத் தட்டும் கல்லும் புள் என்ற மரக்கட்டையும் பையில் இருக்கட்டும். தொப்பி எனும் இடப்பக்கத்துக்கு ரவைப் பசையைக் கடைசி நிமிடத்தில் பூசுங்கள், வாசித்ததும் சுரண்டிவிடுங்கள், விட்டால் அந்த ஈரமும் தோலுக்குள்தான் போகும். குழல்காரப் பிள்ளைகள் வாசிக்கும் முன் குழலுக்குள் ஊதிச் சூடாக்கிக்கொள்ளட்டும், குளிர்ந்த குழல் சுருதி இறங்கித்தான் பேசும். வயலின் வில்லை இரவில் தளர்த்தி வையுங்கள். வீணையை வேனின் பின்பக்கம் போடவே போடாதீர்கள், மடியில் வைத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புங்கள்.

வீணை மதுரை

நன்றி அம்மா. எலுமிச்சம்பழமும் அன்று இல்லைதான்.

கோத்தகிரித் தம்பிக்கு: டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். நான்தான் ஒன்றை விட்டுவிட்டேன். முதல் நாள் அவர் கேட்டார், "வாத்தியம் எல்லாருக்கும் சரியா இருக்கா? இல்லாதவங்க கை தூக்குங்க." நான் தூக்கவில்லை. பெரிய பிள்ளை என்று என்னைப் பார்த்துத் தனியாகவும் கேட்டார். சரி டீச்சர் என்றேன்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் சமையல்கட்டிலிருந்து ஒரு கரண்டியைச் சூடாக்கி எடுத்து வந்து, மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி வைத்தார். விரல் நுனியெல்லாம் கரி. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை, எல்லோருக்கும் முதல் சரளியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.