"தப்பா சொன்னாலும் டிவி சரின்னுதான் சொல்லுது டீச்சர்": பிள்ளைகளோடு டிவி பார்த்த அனுபவங்கள்

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திண்டிவனம் பக்கம்:

2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் திரும்ப வகுப்புக்குள் வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நடுவில் இருந்த அத்தனை மாதமும் எங்கள் ஊரில் பாடம் என்றால் கல்வித் தொலைக்காட்சிதான். அது 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது, ஆனால் ஊரடங்கு வரும்வரை நானே அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. நல்ல போன் இல்லாத வீடு நிறைய, டிவி இல்லாத வீடு குறைவு. 2006க்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

வாரத்தில் இரண்டு நாள் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாங்கிப் பார்த்தால், டிவியில் டீச்சர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறாள், கடைசியில் வரும் "அடுத்த பாடத்தில் சந்திப்போம், நன்றி, வணக்கம்" உட்பட. சரி, என்ன புரிந்தது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னாள். "டீச்சர், அவங்க கேள்வி கேட்டுட்டு கொஞ்ச நேரம் நிறுத்துறாங்க. நான் பதில் சொல்வேன். 'சரியா சொன்னீங்க'ன்னு சொல்வாங்க. நேத்து அரை பெருசா முக்கால் பெருசான்னு கேட்டப்ப வேணும்னே அரைன்னு சொன்னேன். அப்பவும் 'சரியா சொன்னீங்க'ன்னுதான் சொல்றாங்க."

பத்து வயதுப் பிள்ளை தானே சோதனை செய்து கண்டுபிடித்தது இது. அந்த டிவி ஆசிரியர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. இலையின் அடியில் இருக்கும் துளைகள் திறந்து மூடுவதை அவர்கள் பெரிதாக்கிக் காட்டியபோது, நான் இத்தனை வருடம் சாக்பீஸில் வரைந்தது பிள்ளைகளுக்கு எவ்வளவு குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் டிவிக்கு வாய் உண்டு, காது கிடையாது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "நீ என்ன சொன்னே, ஏன் அப்படிச் சொன்னே" என்று கேட்டால்தான் அது பாடம்.

பள்ளி திறந்த பிறகு அதே பாடங்களை யூடியூபில் எடுத்து வகுப்பில் போடுகிறேன், ஆனால் ஒரே மூச்சில் போடுவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்பேன். பிள்ளைகள் தப்பாகச் சொல்லும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கும். ஏழாம் வகுப்புக்கு வேறு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் எப்படியும் சீரியல் ஓடும், பார்க்காதே என்று சொல்லிப் பயனில்லை, அதனால் கடிகாரத்தோடு பார்க்கச் சொன்னேன். கதை எத்தனை நிமிடம், விளம்பரம் எத்தனை நிமிடம், நேற்றைய கதையையே திரும்பக் காட்டியது எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் கணக்குப்படி அரை மணி நேரத்தில் புதுக் கதை 19 நிமிடம்தான். அதை வைத்தே சதவீதக் கணக்குப் போட்டோம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதிலும் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு 2 நிமிடம் என்று 1994ஆம் வருடக் கேபிள் டிவி விதியிலேயே இருக்கிறது என்று சொன்னபோது, "அப்படின்னா இதை யாரு எண்ணுவாங்க?" என்று கேட்டான் பாருங்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் வீட்டில், வகுப்பில் நடந்ததையும் எழுதுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோவை:

அக்கா, எங்கள் வீட்டில் வம்பு விளம்பரத்தால்தான் வந்தது. பாலில் கலக்கும் மாவு ஒன்று, குடித்தால் உயரமாக வளரலாம் என்று வரும். என் பையன் வகுப்பிலேயே குட்டை, அது வேண்டும் என்று ஒரே அடம். வாங்கிக் கொடுத்துவிட்டு, டப்பாவின் பின்பக்கத்தை நீயே படி என்றேன். 100 கிராமுக்குச் சர்க்கரை 30 கிராமுக்கு மேல் போட்டிருந்தது. சமையலறைத் தராசில் 30 கிராம் சர்க்கரையை அளந்து தட்டில் கொட்டினான். மேடாக நின்றது. அப்புறம் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் அவனும் தங்கச்சியும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள்: இதில் எதைக் காட்டவில்லை? "டப்பா பின்பக்கம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

2024இல் இந்த மாதிரிப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் போட்டு விற்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லையாம். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். மாவை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் உயரக் கவலை போகவில்லை, கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொண்டேதான் இருக்கிறான். அந்தக் கவலையைப் பார்த்துத்தானே அந்த விளம்பரத்தையே எடுக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

வீடியோ எடிட்டர், சென்னை:

டீச்சர், தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் ஒரு குழந்தை பாடும், நடுவர் கண்ணைத் துடைப்பார், பார்வையாளர் வரிசையில் ஒரு பாட்டி அழுவார். அந்த ரியாக்‌ஷன் ஷாட் அதே பாட்டுக்கு எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் வேறு பாட்டுக்கு அழுததைச் சாயங்காலப் பாட்டில் ஒட்டலாம், நானே ஒட்டியிருக்கிறேன். என் மகள் ஒரு நாள் டிவி பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதபோது எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் அவளையே படம் எடுத்தேன், மாடிப்படியில் ஏறி வருவது, 20 செகண்ட், அவ்வளவுதான். அதற்கு ஒரு தடவை சோக வயலின், ஒரு தடவை திகில் இசை, ஒரு தடவை நாதஸ்வரம் போட்டுக் காட்டினேன். திகில் இசையோடு பார்த்தபோது தன் முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதாக அவளே பயந்துவிட்டாள். இப்போது டிவியில் பயம் வந்தால் உடனே ரிமோட்டை எடுத்து மியூட் பண்ணிப் பார்க்கிறாள். இதை வகுப்பிலேயே செய்யலாம், ஒரு போன் போதும்.

வேதாரண்யத்திலிருந்து:

மேலே அந்த அம்மா எழுதிய "எதைக் காட்டவில்லை" என்ற கேள்வி என்னை 2018 நவம்பருக்குக் கொண்டுபோய்விட்டது. 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. தென்னை போச்சு, ஓடு போச்சு, கரண்ட் போச்சு. ஒரு வாரத்தில் மகனைத் திருச்சியில் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அப்போது அவன் ஆறாவது. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி அவனிடம் பேசினால், முதல் கேள்வியே "அம்மா, கரண்ட் வந்துருச்சா? டிவியில புயல் முடிஞ்சிருச்சே" என்பதுதான். ஒரே சாய்ந்த தென்னையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்களாம், அது நம் மரமா என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அப்புறம் அதுவும் வரவில்லை, வேறு செய்தி வந்துவிட்டது. அதனால் ஊர் சரியாகிவிட்டது என்றே நம்பிவிட்டான்.

திரும்ப வந்து இறங்கிய அன்றைக்கு வாசலில் நின்றவன் நின்றவன்தான். தோப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் ஸ்கேலை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்து, செய்தி வாசிக்க ஆரம்பித்தான். எங்கள் தெருவில் விளக்கு எரியும்வரை ஒரு நாள்கூட விடவில்லை, தினமும் அதே முதல் வரிதான், நாள் கணக்கு மட்டும் கூடும்: "இன்று இருபத்தி மூன்றாவது நாள். எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை."